பேகம் என்னும் பட்டப்பெயர்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இவ்விழாவில் பேசுமாறு செயலாளர் பணித்தபோது, எப்பொருளைப் பற்றிப் பேசுவது என்று சில நாள் எண்ணிப் பார்த்தேன். யான் புலவனல்லன். பத்தாம் வகுப்புத் தேறி, இரயில்வேயில் எழுத்தராய் அமர்ந்து, பெயர்களையும் எண்களையும் பதிவேட்டில் எழுதுவதையே தொழிலாகக் கொண்டவன். கம்பரைப் பற்றியும் வள்ளுவரைப் பற்றியும் உரைக்க நம்மிடையே தகுதியுடையோர் பலர் உளர். ஆகவே என் தொழிலுக்கேற்ப ஒரே ஒரு பெயரை எடுத்துக் கொண்டேன். நாம் பிழைக்க வந்து குடியமர்ந்திருக்கும் இந்தப் போபால் நகரின் வரலாற்றோடு பிரிக்கவொண்ணாதபடி பிணைந்திருக்கும் ‘பேகம்’ என்னும் பட்டப்பெயரே அது.

இந்நகரில் பெண்பாற் பட்டங்கள் இரண்டு நம் கண்ணில் நாள்தோறும் படுகின்றன. ஹபீப்கஞ்ச் என்று நாம் வழங்கி வந்த புகைவண்டி நிலையம், 2021ஆம் ஆண்டு நவம்பர் மாதம் முதல் இராணி கமலாபதி நிலையம் என வழங்குகிறது. கமலாபதி, இப்பகுதியை ஆண்ட கோண்டு மரபைச் சேர்ந்த அரசி. ‘இராணி’ என்பது வடமொழி ‘ராஜ்ஞி’ என்பதன் திரிபு. அரசன் என்பதற்குப் பெண்பால். அதில் ஐயத்திற்கிடமில்லை. பழைய நகரத்துள் சென்றாலோ, எங்கு நோக்கினும் பேகம்களின் பெயரே காதில் விழுகின்றது. கௌஹர் மகாலும் ஜாமா மசூதியும் குத்சியா பேகம் கட்டியவை. மோதி மசூதி சிக்கந்தர் பேகம் கட்டியது. தாஜ்-உல்-மசாஜித் என்னும் பெரிய பள்ளிவாசல் ஷாஜஹான் பேகம் தொடங்கியது. இந்தப் ‘பேகம்’ என்னும் சொல்லின் பொருள் ‘இராணி’யைப் போல எளிதில் விளங்குவதன்று.

நம் பிள்ளைகள் இச்சொல்லை எங்கே கேட்கிறார்கள்? இந்தித் திரைப்படத்தில் கணவன் மனைவியை விளையாட்டாகப் ‘பேகம்’ என்று அழைக்கிறான். சீட்டாட்டத்தில் அரசியின் உருவம் பொறித்த சீட்டும் ‘பேகம்’ எனப்படுகிறது. நம் தமிழ்நாட்டிலும் இசுலாமியப் பெண்மக்கள் பலருடைய பெயரின் ஈற்றில் ‘பேகம்’ என்பது இன்றும் அமைந்திருக்கக் காண்கிறோம். அரியணை ஏறியவளுக்கும், அடுக்களையில் நிற்பவளுக்கும், சீட்டுக்கட்டில் இருப்பவளுக்கும் ஒரே சொல் எவ்வாறு வந்து பொருந்தியது? இவ்வினாவுக்கு விடை காண வேண்டுமாயின் போபாலை விட்டு வெகுதொலைவு செல்ல வேண்டும்.

மங்கோலிய நாட்டில் ஓர்க்கோன் என்றோர் ஆறு உண்டு. அதன் பள்ளத்தாக்கில் எட்டாம் நூற்றாண்டில் துருக்கிய மன்னர்கள் நாட்டிய கல்வெட்டுகள் நிற்கின்றன. துருக்கிய மொழியின் மிகப் பழைய எழுத்துச் சான்றுகளுள் அவை தலையாயவை. அக்கற்களிலேயே ‘பெக்’ என்னும் சொல் காணப்படுகிறது. குலத்தலைவன், பெருமகன் என்பது அதன் பொருள். பின்னாளில் துருக்கி நாட்டில் அது ‘பே’ எனக் குறுகியது. நம் நாட்டில் ‘பேக்’ என்று நீண்டு, இன்றும் பலருடைய பெயரின் இறுதியில் நிற்கின்றது.

துருக்கிய மொழியில் ஒரு சொல்லின் இறுதியில் ‘இம்’ அல்லது ‘உம்’ என்னும் விகுதியைச் சேர்த்தால் ‘என்னுடைய’ என்னும் பொருள் உண்டாகும். ‘பெக்’ என்பதனோடு அவ்விகுதி சேர்ந்து ‘பெகிம்’, ‘பெகும்’ என்றாகிறது. ‘என் தலைவர்’ என்பதே அதன் நேர்ப்பொருள். அதுவே உயர்குலப் பெண்ணை மரியாதையுடன் விளிக்கும் சொல்லாகி, ‘என் தலைவி’, ‘எம்பெருமாட்டி’ என்ற பொருளில் நிலைத்தது. இவ்வாறே ‘கான்’ என்னும் அரசப் பட்டத்தோடு அவ்விகுதி சேர்ந்து ‘கானம்’ என்றாயிற்று. ஈரான் நாட்டில் இன்றும் பெண்களின் பெயரோடு சேர்த்து வழங்கும் மரியாதைச் சொல் அதுவே.

‘என்’ என்பது பட்டத்துக்குள்ளேயே ஒட்டிக் கொண்டிருப்பது தமிழர்களாகிய நமக்கு வியப்பளிக்க வேண்டுவதில்லை. நம் மொழியில் இம்முறை மிகப் பழமையானது. பண்டைத் தமிழில் ‘எந்தை’ என்றால் என் தந்தை. ‘நுந்தை’ என்றால் உன் தந்தை. ‘தந்தை’ என்றால் அவனுடைய தந்தை. ‘யாய்’ என் தாய்; ‘ஞாய்’ உன் தாய்; ‘தாய்’ அவனுடைய தாய். எம்பி, நும்பி, தம்பி என்பனவும், எங்கை, நுங்கை, தங்கை என்பனவும் இவ்வகையினவே. காலப்போக்கில் அந்தப் பிரிவினை மறைந்து, ‘தந்தை’, ‘தாய்’, ‘தம்பி’, ‘தங்கை’ என்பவையே பொதுப்பெயராய் நின்றுவிட்டன. இன்று நாம் ‘என் தங்கை’ என்னும்போது, அதனுள் ‘தன்’ என்பது ஒளிந்திருப்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. அதுபோலவே இந்தி பேசுவோர் ‘மேரி பேகம்’ என்னும்போது, ‘என்னுடைய என் தலைவி’ என்று இருமுறை சொல்வதை உணர்வதில்லை.

நம் அலுவலகங்களில் மேலதிகாரியாக ஒரு பெண்மணி வந்தால் ‘மேடம்’ என்கிறோம். அது பிரெஞ்சு மொழியின் ‘மா தாம்’, அதாவது ‘என் தலைவி’ என்னும் தொடரே. துருக்கியரும் பிரெஞ்சுக்காரரும் ஒருவரை ஒருவர் பார்த்து இதனை அமைத்துக் கொள்ளவில்லை. பெண்ணுக்கு மதிப்பளிக்க விரும்பிய மனிதன், வெவ்வேறு நாட்டிலும் ‘என்னுடைய’ என்ற உரிமைச் சொல்லையே நாடியிருக்கிறான். இங்கே ஒன்றைக் கருதுமாறு வேண்டுகிறேன். ‘இராணி’ என்பதை ஒருத்தி தன்னைப் பற்றித் தானே சொல்லிக் கொள்ளலாம். ‘என் தலைவி’ என்பதைத் தொடக்கத்தில் பிறரே சொல்லியிருக்க முடியும். பேகம் என்பது அழைப்பவர் வாயில் பிறந்த பட்டம்.

இச்சொல்லை இந்தியாவில் ஊன்றச் செய்தோர் முகலாயர். 1526இல் பானிப்பட்டில் வென்று தில்லியைக் கைக்கொண்ட பாபரின் தாய்மொழி துருக்கியம். தம் வரலாற்றையும் அம்மொழியிலேயே அவர் எழுதினார். அவருடைய குடும்பத்தில் பெண்களின் பட்டங்கள் ஒரு முறைமையோடு வழங்கின. செங்கிஸ்கானின் வழிவந்த கான்களின் புதல்வியர் ‘கானம்’ எனப்பட்டனர். தைமூரின் வழிவந்த மிர்சாக்களின் புதல்வியர் ‘பேகம்’ எனப்பட்டனர். பாபரின் அன்னை மங்கோலியக் கான் ஒருவரின் மகள். ஆதலால் அவர் குத்லுக் நிகார் கானம். அவ்வன்னையின் வயிற்றிலேயே பிறந்த பாபரின் தமக்கை, தைமூர் மரபுத் தந்தையின் மகள். ஆதலால் அவர் கான்சாதா பேகம். தாய்க்கு ஒரு பட்டம், மகளுக்கு வேறொரு பட்டம். எந்த மரபின் மகள் என்பதை அப்பட்டமே சொல்லிவிடும்.

பாபரின் மகளான குல்பதன் பேகம், அக்பரின் வேண்டுகோளுக்கிணங்கித் தம் உடன்பிறந்தார் ஹுமாயூனின் வரலாற்றைப் பாரசீக மொழியில் எழுதினார். அரண்மனைப் பெண்களின் வாழ்வை ஒரு பெண்ணே எழுதிய அரிய நூல் அது. ஷாஜஹான் மன்னரின் மகள் ஜஹானாரா, 1631இல் அன்னை மும்தாஜ் மறைந்தபின், பதினேழே வயதில் அரண்மனைத் தலைமையை ஏற்றார். பேகம்களுக்கெல்லாம் தலைவி என்னும் பொருளில் ‘பாத்ஷா பேகம்’ என்று அவர் போற்றப்பட்டார். தில்லியின் சாந்தினி சௌக் கடைவீதி அவர் அமைத்ததே. ஆயினும் முகலாயர் அரண்மனையில் பேகம் என்றால் மன்னனின் மகள், அல்லது மனைவி, அல்லது தாய். ஆணின் ஒளியைப் பெற்று ஒளிர்ந்த பட்டமாகவே அது அங்கே இருந்தது. அந்நிலை மாறிய இடம் நம் போபால்.

போபாலை நிறுவியவர் தோஸ்த் முகமது கான் என்னும் ஆப்கானியர். அவர் மரபில் வந்த நவாப் நசர் முகமது கான் 1819இல் கைத்துப்பாக்கி வெடித்து உயிரிழந்தார். அவருடைய மனைவி குத்சியா பேகத்துக்கு அப்போது இருபது வயதும் நிரம்பவில்லை; மடியில் சிக்கந்தர் என்னும் பெண் குழந்தை. அரசுரிமை கோரி வரும் ஆண்மக்கள் குடும்பத்தில் இல்லாமலில்லை. அந்த இளங்கைம்பெண் தம் மகளே அரசுக்குரியவள் என்று அறிவித்து, குழந்தையின் பெயரால் ஆட்சியைத் தம் கையில் ஏற்றார். அவர் ஆண்டது பதினெட்டு ஆண்டுகள்.

எனினும் அவ்வுரிமை எளிதில் நிலைக்கவில்லை. சிக்கந்தரை மணப்பவரே நவாபாவார் என்பது ஆங்கிலேயர் ஒப்புக்கொண்ட ஏற்பாடு. அதன்படி 1837இல் ஆட்சி சிக்கந்தரின் கணவர் ஜஹாங்கீர் முகமது கானிடம் சென்றது. 1844இல் அவர் இறந்தபோது, சிறுமியாயிருந்த மகள் ஷாஜஹானுக்குப் பட்டம் வந்தது. 1847 முதல் மகளுக்காகச் சிக்கந்தர் பேகம் ஆட்சி நடத்தினார். ஆண்டவர் அவர், பெயரோ மகளுடையது. பிறந்த நாள் முதல் உரிமை தமதே என்பதை அவர் விடாது வாதாடினார். முடிவில் மகள் தாய்க்காகப் பட்டத்தை விட்டுக் கொடுக்க, 1860இல் சிக்கந்தர் பேகம் தம் பெயரிலேயே போபாலின் அரசராக ஏற்கப்பட்டார்.

அந்த ஏற்புக்குப் பின்னே இருந்ததையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1857இல் நாடெங்கும் கிளர்ச்சி எழுந்தபோது சிக்கந்தர் பேகம் ஆங்கிலேயர் பக்கம் நின்றார். அந்நட்பு அவருடைய வழக்குக்குத் துணை செய்தது. அதே ஆண்டில் லக்னோவில் மற்றொரு பேகம், ஹஸ்ரத் மஹல், தம் இளமகன் பிர்ஜிஸ் கதரை அரியணையில் அமர்த்தி ஆங்கிலேயரை எதிர்த்துப் போராடினார். தோற்றபின்னும் பணியாமல் நேபாளம் சென்று, 1879இல் காட்மாண்டுவிலேயே காலமானார். பட்டம் ஒன்றே, சென்ற வழிகள் இரண்டு. பட்டத்தைக் கொண்டு ஒருவரை அளந்துவிட முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

இனி, போபாலில் இச்சொல்லின் பொருள் எவ்வாறு மாறியது என்பதைப் பார்ப்போம். பிற அரசுகளில் பேகம் என்றால் நவாபின் மனைவி. இங்கோ ‘நவாப் சிக்கந்தர் பேகம்’ என்று இரண்டு பட்டங்களும் ஒருவருக்கே உரியவாயின. ‘நவாப்’ என்பது அரபு மொழியில் ‘நாயிப்’, அதாவது பிரதிநிதி என்னும் சொல்லின் பன்மை. ஒருவரையே நாம் ‘அவர்கள்’ என்று பன்மையால் மதிப்பது போன்றது அது. ஆணுக்குரிய ஆட்சிப் பட்டம் முன்னும், பெண்ணுக்குரிய அன்புப் பட்டம் பின்னும் நிற்க, அவ்விரண்டிற்கும் நடுவே அப்பெண்ணின் சொந்தப் பெயர் நின்றது. அது மட்டுமா? ஷாஜஹான் பேகத்தை மணந்த பின்னரே அவருடைய கணவருக்கு நவாப் என்ற சிறப்புப் பெயர் வந்தது. கணவனால் மனைவிக்குப் பட்டம் வரும் உலகில், மனைவியால் கணவனுக்குப் பட்டம் வந்த ஊர் இது.

சிக்கந்தர் பேகம் 1863இல் மெக்காவுக்குப் புனிதப் பயணம் புறப்பட்டுச் சென்று, தாம் கண்டவற்றை நூலாக எழுதினார். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 1870இல் அச்சேறியது. 1868இல் அவர் மறைந்தபின் அரியணை ஏறிய ஷாஜஹான் பேகம் 1901 வரை ஆண்டார். இங்கிலாந்தில் வோக்கிங் என்னும் ஊரில் 1889இல் எழுந்த பள்ளிவாசலுக்கும் அவர் பொருளுதவி செய்தார். அது இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. இரயில்வே ஊழியர்களாகிய நாம் அவரை மறத்தற்கில்லை. இன்று நர்மதாபுரம் எனப்படும் ஹோஷங்காபாத்திலிருந்து போபாலுக்கு வரும் பாதை, அவர் வழங்கிய பெரும் பொருளைக் கொண்டு 1880களில் அமைந்தது. நாம் விடுமுறைக்குச் சென்னை நோக்கிப் புறப்பட்டு இட்டார்சி வரை செல்வது அந்தப் பேகம் பொருள் தந்து அமைந்த பாதையின் மேலேதான்.

அவருடைய மகள் சுல்தான் ஜஹான் பேகம் 1901 முதல் 1926 வரை ஆண்டார். பெண்கல்வியைத் தம் ஆட்சியின் பெரும்பணியாகக் கொண்டார். 1920இல் அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகம் அமைந்தபோது அதன் முதல் வேந்தராக அவரே விளங்கினார். 1926இல் தம் மகன் ஹமீதுல்லா கானுக்கு அரசை ஒப்படைத்துவிட்டுத் தாமே விலகினார். ஆக, 1819 முதல் 1926 வரை, இடையில் 1837க்கும் 1847க்கும் நடுவிலிருந்த ஆண்டுகள் நீங்கலாக, பாட்டி, மகள், பேத்தி, கொள்ளுப்பேத்தி என நான்கு தலைமுறைப் பெண்கள் இந்நாட்டின் பொறுப்பைச் சுமந்தனர்.

போபால் 1949இல் இந்திய அரசின் ஆட்சிக்கு உட்பட்டது. 1960இல் ஹமீதுல்லா கான் காலமானபின், அவர் மகள் சாஜிதா சுல்தானைப் போபாலின் பேகமாக இந்திய அரசு ஏற்றது. 1971இல் அரசியலமைப்பின் 26ஆம் திருத்தம் மன்னர்களின் பட்டங்களையெல்லாம் நீக்கியபோது அப்பட்டமும் சட்டத்தின் கண்ணில் முடிவுற்றது. குடியாட்சி நாட்டில் அது முறையே. ஆனால் சட்டம் நீக்கியது அரசின் ஏட்டிலிருந்த பட்டத்தை மட்டுமே. அழைப்பவர் நாவிலிருக்கும் சொல்லை எச்சட்டமும் நீக்க முடியாது. அரண்மனையை விட்டிறங்கிய அச்சொல் இன்று எளிய வீடுகளில் வாழ்கிறது.

பெரியோர்களே! வெறுஞ் சொல்லாராய்ச்சிக்காக இத்துணை நேரம் உங்களை அமர வைக்கவில்லை. இவ்வரலாற்றில் நமக்கொரு செய்தி உண்டு. நம் குடியிருப்பில் ஒரு பெண்மணி எவ்வாறு அறியப்படுகிறார்? ‘பார்சல் ஆபீஸ்காரர் வீட்டம்மா’, ‘கார்டு சம்சாரம்’, ‘முதல் வரிசை மூன்றாம் வீட்டு மாமி’, ‘குமாருடைய அம்மா’. இருபது ஆண்டு அடுத்தடுத்த வீட்டில் வாழ்ந்தும் அவருடைய பெயரை அறியாதார் நம்முள் பலர்.

சில ஆண்டுகளுக்கு முன், ஞாயிறுதோறும் தம் வீட்டுத் திண்ணையில் நம் பிள்ளைகளுக்கு அரிச்சுவடி கற்பித்த அம்மையார் ஒருவர், கணவர் ஓய்வு பெற்றமையால் ஊர் திரும்பினார். பிரிவுபசாரத்துக்கு ஒரு வெள்ளித்தட்டு வாங்கினோம். அதில் என்ன பெயர் பொறிப்பது? பிள்ளைகளுக்கு அவர் ‘டீச்சரம்மா’. பெரியோர்க்கு அவர் இன்னாருடைய மனைவி. அவருடைய பெயர் ஒருவருக்கும் தெரியவில்லை. குடும்பத்தாருக்குப் பாஸ் வழங்குவதற்காகப் பெயர், உறவு, வயது மூன்றையும் எழுதி வாங்கும் வழக்கம் இரயில்வேயில் உண்டு. அந்த அம்மையாரின் பெயர் அப்படி ஒரு தாளில் மட்டுமே இருந்தது. அவர் கணவரைக் கேட்டு, அதனைப் பொறித்தோம். தட்டைக் கையில் வாங்கிய அம்மையார் முதலில் தம் பெயரைத்தான் விரலால் தடவிப் பார்த்தார். அதனைக் கண்ட எவருக்கும் அது மறந்திராது.

‘டீச்சரம்மா’ என்பது தாழ்ந்த பெயரா? அன்று. எந்த அரசும் வழங்காமல், குழந்தைகள் தாமே வழங்கிய பட்டம் அது. ‘என் தலைவி’ என்று ஓர்க்கோன் கரை மொழியினர் அழைத்த அன்பும், ‘எங்கள் டீச்சரம்மா’ என்று நம் பிள்ளைகள் அழைத்த அன்பும் ஒன்றே. அப்பட்டம் இருக்கட்டும், ஆனால் அது பெயரை விழுங்கிவிடலாகாது. போபாலின் பேகம்கள் நமக்குக் காட்டிச் சென்ற வழி இதுவே. பட்டம் பிறர் தந்தது, பெயர் தம்முடையது. சிக்கந்தர் பேகம் பல ஆண்டுகள் வாதாடியது புதியதொரு பட்டத்துக்காக அன்று. ஆளும் வேலையை அவர் முன்னமே செய்து கொண்டுதான் இருந்தார். செய்யும் வேலை தம் பெயரில் எழுதப்பட வேண்டும் என்பதற்காகவே அவர் வாதாடினார்.

ஆகவே ஒரு சிறு வேண்டுகோளுடன் முடிக்கிறேன். இவ்விழாவுக்குக் கோலமிட்டவர், பிள்ளைகளை நாடகத்துக்குப் பழக்கியவர், முந்நூறு பேருக்குச் சமைத்தவர் எல்லாரும் பெண்மக்களே. அடுத்த ஆண்டு மலரில், பணி செய்த ஒவ்வொரு பெண்மணியின் பெயரையும் இன்னார் மனைவி என்று எழுதாமல், அவரவர் சொந்தப் பெயராலேயே அச்சிடுவோமாக. பெயர்களைத் திரட்டி, பிழையின்றி எழுதித் தரும் வேலையை இந்த எழுத்தன் ஏற்றுக் கொள்கிறேன். அது என் தொழில்.